எதிர்க்கட்டம்

ஜெராமைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் திரும்பும் மண்பாதையில் எண்மாமணி சேதுவின் கார் இறங்கியபோது பிற்பகல் இரண்டரை மணி. எண்மாமணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, அரசாங்கம் கொடுத்த விருதுமல்ல. ராவாங்கில் அவர் தலைவராக இருக்கும் எண்புதிர் மன்றம், அவரே தலைமை தாங்கிய கூட்டத்தில், ஏகமனதாக அவருக்கே வழங்கிய பட்டம். பொன்னாடை போர்த்தும்போது சரிகைக் கரை படத்தில் விழுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

இருபுறமும் மரங்கள் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் நிரை நிரையாக நின்றன. குலை வெட்டுகிறவர்கள் மதியத்தோடு போய்விட்டதால் ஆள் அரவம் இல்லை. கடல் பக்கமிருந்து சேற்று வாடையும் ஆலைப் பக்கமிருந்து அவித்த பழத்தின் எண்ணெய் வாடையும் மாறி மாறி வந்தன. வானம் தஞ்சோங் காராங் திசையிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

தோட்டக் கணக்கருக்கென்று கட்டிய பழைய கிராணி வீடு பாதை முடியும் இடத்தில் இருந்தது. தூண்களின் மேல் நிற்கும் பலகை வீடு. தகரக் கூரை. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் லோகேஸ்வரி அதில் தனியாக வசித்தாள். போன ஆண்டு வரை தங்கை அமராவதியும் அவளோடு இருந்தாள். பிறகு டிங்கிக் காய்ச்சல், ஐந்து நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

"வாங்க சார். வழி தெரிஞ்சிச்சா?"

"ஜி.பி.எஸ். பாதியில கைய விரிச்சிருச்சும்மா. அப்புறம் அறிவ நம்பித்தான் வந்தேன்."

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. "தேத்தண்ணி கலக்கவா?"

"தே ஓ போதும். சீனி கொஞ்சமா. மூளைக்கு வேல குடுக்கறவங்க பால் சேத்துக்கக் கூடாது."

அவள் உள்ளே போனாள். சேது கூடத்தை நோட்டம் விட்டார். நடுவில் ஒரு சதுர மேசை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். மேசையின் இந்தப் பக்கம் ஒரு பென்சில், அந்தப் பக்கம் ஒரு பென்சில், இரண்டும் புதிதாகச் சீவியவை. சுவரில் அமராவதியின் படம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவருக்குக் காரணம் இருந்தது.

சுடோகு தெரியாதவர் குறைவு. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும், ஒவ்வொரு சிறு சதுரத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரே ஒரு முறை வரவேண்டும். அமராவதி அமைத்தவை அதைவிடக் கடினமான வகை. சில கட்டங்களைக் கோடு போட்டுக் கட்டி, இவற்றின் கூட்டுத்தொகை இவ்வளவு என்பாள். வெப்பமானி ஒன்றை வரைந்து, குமிழிலிருந்து நுனிவரை எண்கள் ஏறிக்கொண்டே போகவேண்டும் என்பாள். ராவாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, பேருந்தில் திரும்பும்போது மனசுக்குள்ளேயே புதிர் கட்டுகிறவள். மூன்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பி, நல்ல பிள்ளையாக, கருத்துச் சொல்லுங்கள் என்று மன்றத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தலைவர் கருத்துச் சொல்லவில்லை. புத்தகம் போட்டார். அட்டையில் கோட்டு அணிந்து, முகவாயில் விரல் வைத்து, யாரோ கேட்ட கடினமான கேள்விக்கு விடை யோசிப்பது போல் அவரே இருந்தார்.

அப்படியே திருடுவது அவருடைய தகுதிக்குக் குறைவு. அதற்கொரு முறை வைத்திருந்தார். நோட்டைத் தலைகீழாகத் திருப்புவார். ஒவ்வொரு எண்ணையும் பத்திலிருந்து கழிப்பார். ஒன்று ஒன்பதாகும், மூன்று ஏழாகும். மூன்று கட்டம் சேர்ந்து எட்டு என்றிருந்தால் இருபத்திரண்டு என்று மாற்றுவார். வெப்பமானியின் குமிழை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோவார். முடிந்தது. பெற்றவளே பார்த்தாலும் உடனே அடையாளம் தெரியாத புத்தம்புதுப் புதிர். அமராவதி "நிரை" என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் "கிடைவரிசை" என்று திருத்தியதை மட்டும் தம்முடைய சொந்தப் படைப்பு என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஆனால் பெற்றவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "சார், இது எல்லாம் என்னோட புதிர்" என்றாள்.

"தங்கச்சி, உலகத்துல இருக்கறதே ஒம்போது எண்ணு. அத வச்சு யார் எழுதினாலும் கொஞ்சம் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும்லா."

மண்டபம் சிரித்தது. தலைவரை அவதூறு செய்ததற்காக மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அவள் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

இப்போது மூன்று நோட்டும் தீர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூரில் மன்றத்தின் மாபெரும் போட்டி. யாரும் கண்டிராத இறுதிப் புதிரைத் தாமே அமைத்துத் தருவதாகப் பத்திரிகையில் படத்தோடு அறிவித்தாயிற்று. நான்கு வாரம் முயன்று அவர் அமைத்த ஒரு புதிருக்கு விடையே இல்லை, இன்னொன்றுக்குப் பதினேழு விடை. புதிர் இல்லாமல் மேடை ஏறினால் எண்மாமணி என்ற பட்டத்தின் கதி என்ன என்று தூக்கமில்லாமல் கிடந்தபோதுதான் லோகேஸ்வரி போனில் கூப்பிட்டாள். இன்னொரு நோட்டு இருக்கிறது என்றாள்.

அந்த நோட்டை இப்போது தே ஓவோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில எழுதி முடிச்சா சார். ஒரே ஒரு புதிர்தான். சேது சாரக் கூப்பிட்டுக் குடு, ஆனா இங்கயே உக்காந்து போட்டு முடிச்சிட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்னு சொன்னா."

"அதுக்கென்ன. பத்து நிமிஷ வேல."

"போடுங்க. நான் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்." வாசலில் குடையை விரித்தபடி நின்றாள். "கீழ, அமைத்தவர்னு போட்டு எடம் விட்டிருக்கா. அதையும் நெரப்பிருங்க."

"யார் பேர?"

"அது உங்களுக்குத் தெரியும்லா சார்."

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. சன்னல்கள் சாம்பல் நிறமாயின. பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குள் இருட்டிவிட்டது. சேது விளக்கைப் போட்டார். எரியவில்லை. நோட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார்.

கட்டங்கள் அனைத்தும் காலி. இரண்டு வெப்பமானிகள், சில கோடுகள், மேலே நேர்த்தியான கையெழுத்தில் இரண்டு வாக்கியம்: *ஒவ்வொரு நிரையும் வழக்கம் போல. நடுவைத் தாண்டி எதிரெதிரே இருக்கும் இரண்டு கட்டங்களைக் கூட்டினால் பத்து.*

சேது முறுவலித்தார். மேல் இடது மூலையில் ஒன்று வந்தால் கீழ் வலது மூலையில் ஒன்பது. ஒரு எண்ணைப் போட்டால் எதிரில் இன்னொன்று சும்மா கிடைத்துவிடும். பாதி வேலை மிச்சம். பாவம், கடைசி நாளில் மூளை மந்தமாகிவிட்டது போல.

மேல் பக்கத்து வெப்பமானி ஒன்பது கட்டம் நீளம். குமிழில் ஒன்றுதான் வரமுடியும். பென்சிலை எடுத்து 1 என்று எழுதினார்.

எதிர்க்கட்டத்தில் 6 என்று இருந்தது.

ஏற்கெனவே எழுதியிருந்ததைத் தாம் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதுவும் தப்பு. ஒன்றுக்கு எதிரில் ஒன்பதுதான் வரவேண்டும். "இதுக்குத்தான் ஒரு ஆசான் வேணும்ங்கறது" என்று சொல்லிக்கொண்டே ரப்பரால் அழித்தார். அழியவில்லை.

இரண்டாவது கட்டத்தில் 2 எழுதினார். எதிர்க்கட்டத்தில் 8 இருந்தது. அது சரி.

மூன்றாவதில் 3.

அப்போது கேட்டது. மழைக்கு அடியில், மிக அருகில், காகிதத்தின் மேல் பென்சில் ஊர்கிற சத்தம். அவருடைய பென்சில் அசையாமல் விரலில் இருந்தது.

எதிர்க்கட்டத்தில் 7. ஆனால் தலைகீழாக இருந்தது.

சேது நோட்டை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். ஏழு நேரானது. அந்த ஆறு, ஆறாக இல்லை. ஒன்பதாக இருந்தது.

எழுதியவர் எதிரில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

அவர் தலையை நிமிர்த்த விரும்பவில்லை. நிமிர்த்தினார். எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் மேசையோடு ஒட்டிக் கிடந்த அது, ஒருவர் உட்காரும் அளவுக்குப் பின்னால் நகர்ந்திருந்தது.

அந்தப் பக்கத்துப் பென்சிலைக் காணவில்லை.

ஒரு வாடை வந்தது. சேறுமல்ல, ஆலையுமல்ல. புதுக் கையுறையைப் பிரித்தால் வரும் ரப்பர் மாவு வாடை. காகிதத்தின் எதிர் ஓரத்தில் வெள்ளையாக நான்கு விரல் தடம் பதிந்திருந்தது, நோட்டு நகராமல் யாரோ அழுத்திப் பிடித்திருப்பது போல.

எழுந்தார். எழுந்ததாக நினைத்தார். கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே இருந்தது வேறு யாருடைய சொத்தோ போலக் கனத்தது.

"யாரு?" என்றார். மேடையில் மைக் இல்லாமலே மூன்றாவது தெருவுக்குக் கேட்கும் குரல், மழையில் கரைந்து போயிற்று.

"போடுங்க சார்."

தாழ்ந்த குரல். கூட்டத்தில் எழுந்து நின்றபோது பேசிய அதே மரியாதையான குரல்.

அவர் போட்டார்.

4 எழுதினால் தலைகீழ் 6 வந்தது. 5 எழுதினால் தலைகீழ் 5. வெப்பமானி நிறைந்தது. பிறகு யோசிக்கவேண்டியிருந்தது. சேதுவுக்கு யோசிக்கும் வழக்கம் கிடையாது. இரண்டு எண்ணுக்கு இடம் இருந்தால் ஒன்றை ஊகித்துப் போட்டுவிட்டு, சரியாக வந்தால் தர்க்கம் என்பார், வராவிட்டால் அச்சகத்தைக் குறை சொல்வார். அந்தப் பழக்கத்தில் ஒரு கட்டத்தில் 2 என்று போட்டார்.

எதிரில் யாரும் எழுதவில்லை.

காத்திருந்தார். எழுதவில்லை. அவருடைய மணிக்கட்டின் மேல் குளிர்ந்த ஏதோ ஒன்று வந்து அமர்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. சேது இரண்டை அழித்தார். மறுபடியும் பார்த்தார். பத்தியைப் பார்த்தார், சதுரத்தைப் பார்த்தார், எதிர்ச்சதுரத்தைப் பார்த்தார். 4 என்று எழுதினார். குளிர் விலகியது. எதிரில் பென்சில் ஊர்ந்தது.

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒரு புதிரை ஊகிக்காமல் போட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தே ஓ ஆறிப்போயிற்று. அவர் தயங்கிய இடத்தில் எதிர்ப்பக்கம் முந்திக்கொண்டு எழுதியது. அவர் பதில் எழுதினார். எண்பது கட்டமும் நிறைந்து, நடுக்கட்டம் மட்டும் மிஞ்சியது.

அதற்கு எதிர்க்கட்டம் அதுவேதான். ஐந்தும் ஐந்தும் பத்து.

அவர் பென்சில் இறங்கியபோது இன்னொன்றும் இறங்கியது. விரலோடு விரல் உரசியது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போலிருந்தது. நேராக ஓர் ஐந்தும் தலைகீழாக ஓர் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டு கிடந்தன.

பயத்திலும் அவருடைய பழைய மூளை வேலை செய்தது. இதை எப்படி மாற்றலாம் என்று பார்த்தது. நோட்டைத் திருப்பிப் பார்த்தார், பத்திலிருந்து கழித்துப் பார்த்தார். அதே கட்டம், அதே எண். மறுபடியும் செய்தார். அதேதான். எண்கள் மட்டுமல்ல, மேலே இருந்த வெப்பமானி கீழே இருந்த வெப்பமானியின் இடத்தில், குமிழ் மாறி, அச்சாகப் போய் உட்கார்ந்தது.

அவருடைய முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த முறையால் திருட முடியாத புதிர் ஒன்றை, காய்ச்சலில் கிடந்துகொண்டு கட்டியிருக்கிறாள்.

"பேர் எழுதுங்க சார்."

பக்கத்தின் அடியில், *அமைத்தவர்* என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றுக் கோடு.

சேதுவுக்கு உயிர்மேல் ஆசை உண்டு. அமராவதி, ஐந்தெழுத்துதான், எழுதிவிட்டு ஓடிவிடலாம் என்று கைவரை வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் வந்து நின்றது. மேடை, மாலை, சட்டமன்ற உறுப்பினர், முகவாயில் விரல் வைத்த தம்முடைய பெரிய படம். பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து தங்க மூடி போட்ட பேனாவை எடுத்து *எண்மாமணி சேது* என்று எழுதி, பழக்கதோஷத்தில் அடிக்கோடும் போட்டார்.

எதிரில் பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மிக மெதுவாக, கோபமில்லாமல்.

மழை நின்றது. கால் திரும்பி வந்தது. வாசலில் லோகேஸ்வரி குடையை உதறிக்கொண்டிருந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"உங்க பேரா போட்டீங்க?"

"உள்பக்கத்துல ஒரு சமர்ப்பணம் போட்டுறலாம்மா. சின்ன எழுத்துல."

"வேணாம் சார்" என்றாள். "அவ பதில் எழுதிக்குவா."

ஞாயிறு காலை பத்து மணி. மண்டபத்தில் நூற்றிருபது போட்டியாளர்கள். சேது ராவாங் திரும்பி, இரண்டு நாள் நன்றாகத் தூங்கி, நடந்ததற்கெல்லாம் இரத்த அழுத்தம் என்று பெயர் வைத்து முடித்திருந்தார். விடையை நீக்கி, வெறும் புதிரை அச்சடித்து, அடியில் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். எண்களும் மானுட மேன்மையும் என்ற பொருளில் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு மணி அடித்தார்கள்.

நூற்றிருபது பென்சில்கள் ஓடத் தொடங்கின.

மேடையில் உட்கார்ந்திருந்த சேதுவுக்குத்தான் முதலில் கேட்டது. ஒரு கீறல் சத்தம், உடனே அதற்குப் பதில் போல இன்னொரு கீறல். மண்டபத்தில் இருந்த பென்சில்களைப் போல இரண்டு மடங்கு பென்சில்களின் சத்தம்.

முதல் வரிசையில் பிரேமலா என்ற ஆசிரியை கையைத் தூக்கினார். "சார், என் பேப்பர்ல யாரோ கூடவே எழுதறாங்க."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"இங்க பாருங்க, தலகீழா."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒருவர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள். பிறகு எல்லோரும் தாளின் மேல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேதுவின் பெயர் அச்சான இடத்துக்கு நேர் எதிரே, ஒவ்வொரு தாளிலும், பென்சிலால், தலைகீழாக ஏதோ எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

சட்டமன்ற உறுப்பினர் தமக்கு மரியாதைக்காகக் கொடுத்த தாளைத் திருப்பிப் பிடித்தார். மைக் அணைக்கப்படவில்லை.

"அமராவதி" என்று படித்தார். "யாருங்க சார் இது?"

"என் தங்கச்சி." கடைசி வரிசையிலிருந்து லோகேஸ்வரி எழுந்து நின்றாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே புத்தகத்த நடுவுல வச்சு எதிரும் புதிருமா உக்காந்து படிச்சவங்க. அவளுக்கு எப்பவும் தலகீழ்ப் பக்கந்தான். அப்படியே எழுதப் பழகிட்டா."

எல்லாத் தலைகளும் சேதுவின் பக்கம் திரும்பின.

"அச்சுப் பிழை" என்றார் சேது.

"பென்சில்லயா சார்?" என்றார் உறுப்பினர்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சேதுவுக்குப் பழக்கமானது. இதுவரை அது அவர் பக்கத்திலிருந்து வந்ததே தவிர, அவரை நோக்கி வந்ததில்லை. மைக்கை இழுத்தார். இன்னும் ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொல்வது. அது அவருக்குத் தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணு என்னோட மாணவி. நான் வாயால சொல்லச் சொல்ல, எழுத மட்டும் செஞ்சவ."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஒரு தட்டு விழுந்தது.

இடப்பக்கம் அல்ல. வலப்பக்கம்.

பக்கத்துத் தெருக் கிளினிக்கில் படுக்க வைத்தார்கள். டாக்டர் ஷர்மினி இளவயதுக்காரி, தைரியசாலி. ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தாள். வலப்பக்கம் வைத்தாள். மறுபடி இடப்பக்கம்.

"சார், இது பொறந்ததுலேர்ந்தே இப்படியா?"

"எப்படி?"

"ரெண்டு எடத்துல கேக்குது. ஒண்ணு அடிச்சா இன்னொண்ணு பதில் சொல்ற மாதிரி." நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். "நித்தியா, ரெண்டு பக்கமும் தனித்தனியா மானிட்டர் போடு. என்ன காமிக்குதுன்னு சொல்லு."

நித்தியா ஒயர்களை ஒட்டினாள். "இடது அறுபது, டாக்டர். வலது... நாப்பது."

"மெஷின் கோளாறா இருக்கும்லா."

"இடது அம்பத்தேழு. வலது நாப்பத்து மூணு."

சேதுவுக்கு முகமெல்லாம் வேர்த்தது. "பேப்பர் குடுங்க. நான் எழுதித் தர்றேன். எல்லாம் அவளோடதுதான். மன்றத்துக்கு, பத்திரிகைக்கு, எல்லாருக்கும் எழுதித் தர்றேன்."

"பேசாதீங்க சார். படுங்க."

"எழுதறேன்மா. பேரு அவளோடதுதான்."

"இடது அம்பத்து மூணு" என்றாள் நித்தியா. "வலது நாப்பத்தேழு."

டாக்டர் ஷர்மினி ஊசிமருந்து தேடினாள். "இடது எறங்குதே. வலது எப்படி இருக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஏறிக்கிட்டே வருது."

ஐம்பது, ஐம்பது. அந்த இடத்தில் இரண்டும் ஒரு கணம் ஒன்றாக அடித்தன. நடுக்கட்டத்தில் இரண்டு பென்சில் சேர்ந்து இறங்கியது போல.

பிறகு நித்தியா, "இடது நாப்பத்தொம்போது" என்றாள். அடுத்த எண்ணைப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை.

சேதுவுக்கு யாரும் படித்துச் சொல்லத் தேவையில்லை. அவர் கழித்துப் பழகியவர்.